மூன்று பேரின் இரத்தம்

இரத்தம் எடுப்பவளைப் பார்க்க யாரும் ஆசையோடு வருவதில்லை. ஒஸ்லோ ஆஸ்பத்திரி ஒன்றில் இருபது வருடமாக எனக்கு இதுதான் வேலை. ஊசியைக் கண்டதும் தலையைத் திருப்பிக்கொள்பவர்களே, வெட்கப்படாதீர்கள். எனக்கு யாராவது ஊசி போட்டால் நானும் சுவரைத்தான் பார்ப்பேன்.

இரும்புக் குளிசை

நிரோஷாவுக்கு முதற் பிள்ளை வயிற்றில் மூன்று மாதம். ஒஸ்லோவுக்குப் பக்கத்து ஊரான லோறென்ஸ்கூக்கிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தாள். ஹீமோகுளோபின் குறைவு என்று இரும்புக் குளிசை கொடுத்திருந்தார்கள். வாயெல்லாம் ஆணி சப்பியதுபோல இருக்கிறதாம், அளவு மட்டும் ஏறவில்லை.

சிலருக்குப் பிறப்பிலேயே ஹீமோகுளோபினின் வகையில் சின்ன வித்தியாசம் இருக்கும், அதைத்தான் இன்றைக்குப் பார்க்கிறோம் என்று விளக்கினேன். அவள் சட்டைக் கையை மடித்துக்கொண்டே சொன்னாள்:

"சாதி பாக்கிற ஆக்களிட்டை இருந்து தப்பி இஞ்சை வந்தால், நீங்கள் இரத்தத்திலை வகை பாக்கிறியள், அக்கா."

கணவரின் முறை

தலசீமியா என்ற பரம்பரை இரத்த நோயின் கூறு ஒன்று அவளிடம் இருந்தது. அவளுக்கு அதனால் பெரிய தொந்தரவு இல்லை. ஆனால் கணவரிடமும் இருந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் பிள்ளைக்குக் கடுமையான நோய் வரலாம். அப்படி வந்தால் காலம் முழுக்க இரத்தம் ஏற்றவேண்டியும் வரும்.

கணவர் ரூபன் பஸ் ஓட்டுபவர். "எங்கடை பக்கத்திலை ஒருத்தருக்கும் ஒண்டுமில்லை" என்று சொல்லிக்கொண்டுதான் கதிரையில் இருந்தார். அவருக்கும் இருந்தது.

வயிற்றில் ஊசி விட்டுப் பிள்ளையைச் சோதிக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். இரண்டு நாள் யோசித்துவிட்டு, எப்படிப்பட்ட பிள்ளை என்றாலும் எங்களுடைய பிள்ளைதான், பிறந்தபிறகு பார்ப்போம் என்று முடிவெடுத்தார்கள். அதன்பிறகு அவள் இரத்தம் கொடுக்க வரும் ஒவ்வொரு முறையும் ரூபன் லீவு போட்டுவிட்டுக் கூடவே வந்தார். ஒருநாள் அவள் பாத்ரூம் போன நேரம் என்னிடம் மெதுவாகச் சொன்னார்:

"பிழை ஆரிலை எண்டு தேடித்தான் இஞ்சை வந்தனான், அக்கா. ரெண்டு பேரிலையும் இருக்கெண்டதும் சண்டை பிடிக்க ஆளில்லாமல் போச்சு."

குதிக்கால்

பெண் பிள்ளை பிறந்தது. பிறந்த குழந்தையின் உடம்பில் கருவிலிருந்தபோது இருந்த ஹீமோகுளோபின்தான் இன்னும் நிறைய இருக்கும். அதனால் சாதாரணச் சோதனையில் இந்த நோய் தெரியாது, மரபணுவைப் பார்க்கவேண்டும். அந்தச் சின்னக் குதிக்காலில் நான்தான் குத்தினேன். பிள்ளை கத்த, தாயும் அழுதாள்.

முடிவு வந்தபோது அதைக் கணினியில் பதிகிற வேலை என்னிடமே வந்தது. ஒரு கூறுதான், தாயையும் தகப்பனையும்போலவே. நோயில்லை.

ஆனால் முடிவைச் சொல்வது மருத்துவரின் வேலை, நான் வாய் திறக்கக்கூடாது. மறுநாள் மருத்துவரின் கதவுக்கு வெளியே அவர்கள் பிள்ளையோடு இருந்தார்கள். நான் முகத்தை இறுக்கி வைத்துக்கொண்டு, தலையை மட்டும் ஆட்டிவிட்டு விறுவிறென்று நடந்தேன். பின்னால் நிரோஷா விம்முவது கேட்டது. திரும்பிப் போகமுடியாமல் ஆய்வுகூடத்தில் வந்து நின்றேன்.

அரை மணித்தியாலத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தாள். கண் வீங்கியிருந்தது, ஆனால் சிரிப்பு. பிள்ளையை என் கையில் தந்துவிட்டுக் கேட்டாள்:

"நல்ல செய்தியையும் செத்தவீட்டு மூஞ்சையோடைதான் காவுவியளோ, அக்கா?"

ஊசி பிடிக்க எனக்கு மூன்று வருடம் படிப்பித்தவர்கள், முகத்தை எப்படி வைத்துக்கொள்வதென்று ஒரு மணித்தியாலமாவது படிப்பித்திருக்கலாம்.