நான் அணைக்காத மைக்

1. நாற்பது நொடி

அந்த ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், நாலு மணிக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது, மூன்றாம் மைக் சானல் செத்தது.

கிழக்கு ஜேர்மனியில் ஹாலே நகருக்குப் பக்கத்தில் ஒரு சிறு நகரத்தின் பொதுமண்டபம். முந்நூறு கதிரைகளும் நிறைந்து, சுவரோரமும் ஆட்கள் நின்றார்கள். ஜேர்மனி ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேற வேண்டுமா என்பது விவாதம். வெளியேற வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்த வழக்கறிஞரின் குரல், ஒரு வசனத்தின் நடுவில் கத்தரித்ததுபோல நின்றது. ஒலியைக் கட்டுப்படுத்தும் மிக்சர் மேசையில் இருந்தது நான்.

என் பெயர் சுதன். லைப்சிக்கில் ஒரு சிறிய ஒலி, ஒளி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். மூன்று வருட அவுஸ்பில்டுங், அதாவது வேலையோடு சேர்ந்த தொழிற்படிப்பு, அங்கேயே முடித்தேன். அப்பா ஐந்தாம் வகுப்போடு நின்றவர். பேர்லினின் நொய்கெல்ன் பகுதியில் ஓர் உணவகச் சமையலறையில் வேலை செய்கிறார். அம்மாவுக்கு அந்த ஐந்தும் கிடைக்கவில்லை. எங்கள் வீட்டில் சோதனை எழுதிச் சான்றிதழ் வாங்கிய முதல் ஆள் நான். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. முறையாகத் தொழில் படித்தவன் என்ற பெயர் எங்கள் வீட்டுக்குப் புதிது. அந்தப் பெயர் நாற்பது நொடியில் போகப் பார்த்தது. இந்தத் துறைக்கு வருகிற தம்பி தங்கச்சிகள் தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். அங்கே எல்லோரும் பேசியது ஜேர்மனில். என் காதில் அது எப்படி விழுந்ததோ அப்படித் தமிழில் தருகிறேன்.

நிகழ்ச்சிக்கு முன்னர் மைக் பொருத்தும் நேரத்தில் ஒன்று நடந்தது. வழக்கறிஞரின் கோட்டில் கிளிப் மைக்கைக் குத்த நான் கையைக் கொண்டுபோனேன். அவர் அரை அடி பின்னால் போனார். "குடுங்கோ, நானே குத்திக்கொள்ளுறன்" என்றார். குரலில் மரியாதைக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அரை அடி எனக்குப் பழக்கமானது. நானும் ஒரு அடி பின்னால் போய், மைக்கையும் அதனோடு வரும் சின்ன டிரான்ஸ்மிட்டர் பெட்டியையும் அவர் கையில் கொடுத்துவிட்டேன். அவர் பெட்டியைக் கோட்டின் வெளிப்பையில் போட்டுக்கொண்டார்.

2. எழும்பமாட்டேன்

ரேடியோ மைக் நின்றால் முதலில், மேசையில் அதன் அலையை வாங்கும் ரிசீவரைப் பார்க்க வேண்டும். பார்த்தேன். பற்றரி ஒரு நிமிடத்துக்கு முன்வரை முழுதாக இருந்திருக்கிறது. அலையைக் காட்டும் கோடுகளில் ஒன்றுகூட இல்லை. மேசையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை நான் இறக்கியிருந்தால் அந்தக் கோடுகள் அப்படியே நிற்கும். அவை மொத்தமாகப் போனால் பையிலிருக்கும் பெட்டியே அணைந்துவிட்டது என்று அர்த்தம். வழக்கறிஞரின் கை அப்போதும் கோட்டுப் பையில்தான் இருந்தது. பேசும்போது கையைப் பையில் போட்டு எடுப்பது அவருடைய வழக்கம். சுவிட்சில் விரல் பட்டிருக்கிறது.

இவ்வளவும் எனக்கு மூன்று நொடியில் விளங்கிவிட்டது. மண்டபத்துக்கு விளங்கவில்லை.

அவருக்கு மைக் இல்லாமலே நல்ல குரல். "எல்லையைப் பற்றி நான் வாய் திறந்த உடனை நிண்டிட்டுது. சுவிட்ச் ஆரின்ரை கையிலை இருக்கெண்டு ஒருக்காத் திரும்பிப் பாருங்கோ" என்று என் பக்கம் கை நீட்டினார்.

திரும்பினார்கள். முந்நூறு முகம். யாரோ விசிலடித்தார். சுவரோரம் நின்ற ஒருவர், என்னை மேசையை விட்டு எழுப்பச் சொல்லிச் சத்தமாகக் கேட்டார். நான் எழும்பத்தான் செய்தேன், ஆனால் அவர் நினைத்த திசைக்கு இல்லை. மாற்றுக்கென்று வைத்திருந்த கம்பி மைக்கை எடுத்துக்கொண்டு, நடுப்பாதையால் மேடைவரை நடந்துபோய் அவரிடம் நீட்டினேன். என் முகத்தைப் பார்க்காமல் வாங்கினார். அதற்குள் நாற்பது நொடி போய்விட்டது.

திரும்பி வந்தபோது மேசையடியில் ஹைக்கே நின்றார். நிறுவனம் அவருடையது, அன்று மேடை விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தவர்.

"சுதன், நீ போய் வானுக்குள்ளை இரு. மிச்சத்தை நான் பாக்கிறன். உன்ரை நன்மைக்குத்தான் சொல்லுறன்."

"ஏலாது ஹைக்கே. நான் இப்ப எழும்பிப் போனால், நான்தான் செய்தனெண்டு ஆகிடும்."

"சனம் கோவமா இருக்கு."

"இருக்கட்டும். நான் கோவமா இல்லை."

அது பொய். ஹைக்கே ஒரு கதிரையை இழுத்து என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்; மேசையில் கை வைக்கவில்லை.

மிச்சம் ஒரு மணி நேரம். வழக்கறிஞரின் குரல் உயரும்போது காதைக் குத்தும். அந்த இடத்தைக் கொஞ்சம் குறைத்து, அடிக்குரலைக் கொஞ்சம் தூக்கினேன். கடைசி வரிசையில் இருந்த வயதானவர்கள் முன்னால் குனிவதை நிறுத்திச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். எங்கள் காசு பொதுப் பானைக்குள் போகிறது, எங்கள் சட்டத்தை வேறெங்கோ எழுதுகிறார்கள், பிரித்தானியா போனது, வானமா இடிந்து விழுந்தது, கதவைத் திறப்பவர் வீட்டுக்காரராக இருக்க வேண்டும் என்றெல்லாம் வழக்கறிஞர் சொன்னார். அந்தக் கதவால் வந்தவர்களின் மகன் நான். ஒவ்வொரு சொல்லையும் தெளிவாக அனுப்பிவைத்தேன்.

எதிர்ப்பக்கம் பேசியவர், இயந்திர உதிரிப்பாகம் செய்யும் பட்டறை ஒன்றின் உரிமையாளர், ஒரு பெண்மணி. செக் நாட்டுக்குக் காலையில் ஏற்றினால் பின்னேரம் இறங்கிவிடும், ஒரு துண்டுக் காகிதமும் தேவையில்லை என்றார். இங்கிலாந்துக்கு அனுப்பும் பெட்டிகளுக்கு, அவர்கள் வெளியேறிய பிறகு, படிவம் நிரப்புவதற்கென்றே ஒரு ஆளை வைத்திருக்கிறாராம். நான் வாக்களிப்பது அவர் சொல்லும் பக்கத்துக்குத்தான். ஆனால் அவருடைய ஃபேடர் வழக்கறிஞருடையதைவிட ஒரு மயிரிழைகூட மேலே போகவில்லை.

3. பாராட்டு

செவ்வாய்க்கிழமை அந்த நாற்பது நொடியும் வீடியோவாக எல்லோருடைய கைபேசியிலும் இருந்தது. மைக் நிற்பது, அவர் கை நீட்டுவது, நான் மேசையில் இருப்பது. நான் கம்பி மைக் கொண்டுபோனதை வெட்டிவிட்டிருந்தார்கள். விவாதத்தை நடத்தியவர்கள் ஹைக்கேக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் போட்டார்கள். அதே இரண்டு பேரும் நாலு ஊர்களில் பேச ஒப்பந்தம் ஆகியிருந்தது. எங்கள் நிறுவனத்துக்கு இன்னும் மூன்று நிகழ்ச்சி பாக்கி. கொஞ்ச நாளைக்கு என்னைத் தளபாடக் கண்காட்சிக்கு அனுப்பலாம் என்று ஹைக்கே சொன்னார். விவாத மேடைக்கு வேறு ஆள். என் பாதுகாப்புக்காகவாம். அப்படி ஒதுக்கிவிட்டால் பிறகு யார் கேட்டாலும் அந்த வீடியோவே பதிலாகிவிடும் என்பது எனக்குத் தெரிந்திருந்தது.

வெள்ளிக்கிழமை பேர்லினுக்குப் போனேன். அம்மா அரிசிமா வாங்கிவரச் சொன்னதால் நொய்கெல்னில் தமிழ்க் கடைக்குள் நுழைந்தேன். கடைக்கார அண்ணை, காசுப்பெட்டியை விட்டு எழும்பிவந்து என் முதுகில் தட்டினார்.

"நல்ல வேலை செய்தனீர் தம்பி. அந்தாளின்ரை வாயை அடைச்சுப்போட்டீர்."

"நான் அடைக்கேல்லை அண்ணை. அவரின்ரை கை பட்டுத்தான் நிண்டது."

"ஓமோம். வெளியிலை அப்பிடித்தான் சொல்லவேணும்" என்று கண்ணடித்தார்.

சாமான் எடுத்துக்கொண்டிருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். எங்கள் பெடியன் என்றார் ஒருவர். மண்டபத்தில் முந்நூறு முகம் திரும்பியபோது வராத சூடு, அப்போது எனக்கு முகத்தில் ஏறியது. அவர்கள் என்னைத் திட்டினார்கள், இவர்கள் பாராட்டுகிறார்கள். ஆனால் இரண்டு பக்கமும் நம்பியது ஒன்றைத்தான். பிடிக்காத பேச்சு வந்தால் சுதன் மைக்கை நிறுத்துவான்.

"அண்ணை, உங்களுக்கு ஒருத்தன் பிடிக்கேல்லையெண்டால் அவனுக்கு நிறை குறைச்சுக் குடுப்பியளோ?"

அவருடைய சிரிப்புப் போய்விட்டது. "என்ன தம்பி கதை இது. தராசிலை நான் கை வைக்கிறேல்லை."

"நானும் வைக்கிறேல்லை."

அரிசிமாவுக்குக் காசு கொடுத்துவிட்டு வந்தேன். மிச்சத்தை அவர் சரியாக எண்ணித் தந்தார்.

வீட்டில் அப்பாவும் அரைச் சந்தோசத்தில்தான் இருந்தார். "செய்தனெண்டும் சொல்லாதை, செய்யேல்லையெண்டும் சொல்லாதை. உனக்கேன் வில்லங்கம்?" என்றார். முப்பது வருடம் சமையலறையில் அப்படிப் பேசாமல் இருந்துதான் அவர் எங்களை வளர்த்தார். அதை நான் குறைத்துப் பார்க்கவில்லை. ஆனால் இது என் தொழில், நான் சொல்லத்தான் போகிறேன் என்றேன்.

4. ஹைக்கே கேட்டது

நாங்கள் எந்த நிகழ்ச்சியையும் சானல் சானலாகத் தனித்தனியே பதிவு செய்து வைப்போம். திங்கட்கிழமை காலை ஹைக்கேயின் காதில் ஹெட்போனை மாட்டி, மூன்றாம் சானலை மட்டும் போட்டேன். வழக்கறிஞரின் குரல் வருகிறது. துணி உரசும் சத்தம். ஒரு சின்ன 'டிக்'. பிறகு ஒன்றுமில்லை.

மூன்று தரம் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றினார்.

"சரி, நீ இல்லை. ஆனால் சுவிட்சை ஏன் பூட்டேல்லை?"

அந்தப் பெட்டியில் சுவிட்சைப் பூட்டிவைக்கும் வசதி உண்டு. பூட்டினால் விரல் பட்டாலும் அணையாது. முதல் வருடத்தில் படிக்கும் பாடம் அது.

"அவர் என்னைக் கிட்ட விடேல்லை."

"விடேல்லையெண்டால், மேசையிலை அந்த மைக்கை ஏன் திறந்தனீ?"

ஒரு வாரமாக நான் எல்லோருக்கும் என் நியாயத்தையே சொல்லித் திரிந்தேன். அந்த அரை அடியைப் பற்றி ஒருவருக்கும் சொல்லவில்லை. அவர் பின்வாங்கியது அவருடைய குணம். அதற்கு இடம் விட்டு என் வேலையைப் பாதியில் விட்டது என் பிழை. படிக்காமல் வந்த பிழை இல்லை. படித்திருந்தும், வெட்கத்தில் விட்ட பிழை.

"அடுத்த ஊருக்கு நான் போறன்" என்றேன். "பதிவை விவாதம் நடத்தினவைக்கு அனுப்புங்கோ. பூட்டாமல் விட்டது எங்கடை ஆளெண்டும் எழுதுங்கோ. என்ரை பேரைப் போட்டே எழுதுங்கோ."

ஹைக்கே அப்படியே எழுதினார். கண்காட்சிக்கு வேறொருவர் போனார்.

5. நான் பொருத்தினால்தான்

அடுத்த விவாதம் மூன்று வாரம் கழித்து. முதலில் வந்தவர் பட்டறை அம்மா. தானே குத்திக்கொள்வதாகச் சிரித்துக்கொண்டு கையை நீட்டினார். மன்னிக்க வேண்டும், நான்தான் பொருத்துவேன் என்றேன். கொஞ்சம் திகைத்தார். பிறகு சால்வையை விலக்கி வழி விட்டார்.

வழக்கறிஞர் வந்தார். என்னைக் கண்டதும் நின்றார்.

"அண்டைக்கு இருந்தது நீங்கள்தானே?"

"ஓம், நான்தான். பதிவைக் கேட்டனீங்களோ?"

அவர் கையை நீட்டினார். "மைக்கைத் தாங்கோ, நானே குத்துறன்."

"கிளிப் மைக்கெண்டால் நான் பொருத்தவேணும், பெட்டியை நான் பூட்டவேணும். இல்லையெண்டால் மேசையிலை கம்பி மைக் இருக்கு, அதிலை கதையுங்கோ. எது வேணுமெண்டு நீங்கள் சொல்லுங்கோ. நான் பொருத்தாத மைக்கை நான் திறக்கமாட்டன்."

அவர் ஹைக்கேயைத் தேடிப் பார்த்தார். ஹைக்கே ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார், கீழே பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் ஆட்கள் வரத் தொடங்கியிருந்தார்கள். வழக்கறிஞர் கோட்டின் பொத்தானைக் கழற்றினார்.

மைக்கைக் குத்தினேன். வயரை உள்ளே விட்டேன். பெட்டியை அவருடைய இடுப்புப்பட்டியில் கொழுவி, பூட்டை அவர் பார்க்கும்படி தள்ளினேன். என் விரல் அவர் கோட்டில் பட்டது. அவர் அசையவில்லை. நானும் அவசரப்படவில்லை.

அன்று அவர் முழு நேரமும் பேசினார். எல்லையைப் பற்றிய பகுதி போன தடவையைவிடக் காட்டமாக இருந்தது. அதற்குக் கை தட்டல் வந்தது, பட்டறை அம்மா கொடுத்த பதிலுக்கும் வந்தது. நான் கதிரையை விட்டு எழும்பவில்லை.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வது இதுதான். பேசுபவர் உங்களை விரும்ப வேண்டியதில்லை. நீங்களும் அவரை விரும்ப வேண்டியதில்லை. முதலில் அனுமதி கேளுங்கள், மறுத்தால் கம்பி மைக்கைக் காட்டுங்கள். ஆனால் ஒருவர் அரை அடி பின்னால் போகிறார் என்பதற்காக நீங்கள் பின்னால் போகாதீர்கள். அந்தப் பெட்டியைப் பூட்டுகிற வேலை உங்களுடையது.

மூன்றாவது ஊரும் முடிந்துவிட்டது. நாலாவது ஊரில் விவாதம் அடுத்த சனிக்கிழமை. மிக்சர் மேசைக்கு என் பெயர்தான் போட்டிருக்கிறது.