மேல்பல் முந்திய பிள்ளை

பெருங்கடவிளை ஸ்ரீகுமாரி லேசில் பயப்படுகிறவள் இல்லை. பனச்சமூட்டில் தையல் கடை வைத்து, தமிழிலும் மலையாளத்திலும் மாறி மாறிச் சண்டை போட்டுப் பிழைக்கிறவள். அப்படிப்பட்டவளை ஓர் அரிசி அளவு பல் ஆட்டிவைத்தது என்றால் யார் நம்புவார்கள்?

மகன் அபிஜித்துக்கு ஆறாம் மாதம். கோவிலில் சோறூண் வைத்து, முதல் சோறு ஊட்ட நாள் குறித்தாயிற்று. அவர்கள் வீட்டு வழக்கப்படி தாய்மாமன் மடியில்தான் பிள்ளையை உட்கார்த்த வேண்டும். அந்த வாரம் பார்த்து, குளிப்பாட்டும்போது அவள் விரலில் சுருக்கென்று ஏதோ பட்டது. வாயைத் திறந்து பார்த்தாள். மேல் ஈற்றில் இரண்டு வெள்ளை முனைகள். கீழே ஒன்றுமே இல்லை.

மேல்பல் முந்தினால் தாய்மாமனுக்கு ஆகாது. சின்ன வயதிலிருந்து கேட்டுக் கேட்டுக் காதில் ஊறிய பேச்சு. அவளுக்கு இருப்பதோ ஒரே அண்ணன், ஜெயன். அப்பா போன பிறகு அவளைப் படிக்க வைத்துக் கட்டிக்கொடுத்தவன். அவன் தொழில் என்ன தெரியுமா? தென்னை ஏறுவது! வேறு ஏதாவது வேலையாக இருந்தாலாவது மனசைத் தேற்றிக்கொண்டிருப்பாள்.

பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பொய் சொல்லிச் சோறூணைத் தள்ளிவைத்தாள். ஜெயன் பார்க்க வருகிறேன் என்றால், தூங்குகிறான், சளி, தொற்றிக்கொள்ளும் என்று ஏதாவது சொல்லித் தடுத்தாள்.

தடுப்பூசிக்குக் கூப்பிட வந்த, சுகாதாரத் துறையின் ஆஷா ஊழியர் சிஜியிடம் மட்டும் அழுதுவிட்டாள். சிஜி பிள்ளையின் வாயைப் பார்த்துச் சிரித்தாள்.

"இதுக்கா அழுகிய? நீ மாசமா இருக்கும்பவே ஈறுக்குள்ள பல்லு உருவாகத் தொடங்கியாச்சு, கேட்டியா. முக்காவாசி பிள்ளைகளுக்குக் கீழ முதல்ல வரும், சிலதுக்கு மேல. மூணு வயசுக்குள்ள இருபதும் வந்திரும். ஆறு வயசுல ஆடி விழத் தொடங்கும், பின்ன கெட்டிப் பல்லு. கடைசிக் கடவாப்பல்லுக்கு இருபது வயசுகூட ஆகும். இதுல மாமன் எங்க வந்தாரு?"

கேட்கும்போது ஆறுதலாகத்தான் இருந்தது. சிஜி படி இறங்கியதும் பழைய பயம் திரும்ப வந்து உட்கார்ந்துகொண்டது.

எட்டாம் மாதம் ஆனதும் இனியும் தள்ளிப்போட வழியில்லை. கோவிலில் ஜெயன் மடியில் பிள்ளை. இலையிலிருந்து ஒரு பருக்கையை எடுத்து ஜெயன் நீட்ட, பிள்ளை ஆவென்று வாயைத் திறந்தான்.

"அய்யோ, மேல்பல்லுல்லா!" என்றாள் சோறூணுக்கென்று ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சரசம்மா. அந்தப் பாழாய்ப்போன வாயை அப்போதாவது மூடியிருக்கக் கூடாதா!

ஜெயன் தங்கையைப் பார்த்தான். பிறகு சிரித்தான். "கடிக்க ஆளு ரெடியாக்கும்," என்று சொல்லி மறு பருக்கையை ஊட்டினான்.

மறுநாள் காலை அவன் போனை எடுக்கவில்லை. ஸ்ரீகுமாரி பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அண்ணன் இருக்கும் ஒற்றசேகரமங்கலத்துக்கு ஓடினாள். அவன் வேலைக்குப் போகும் தோப்பு அவளுக்குத் தெரியும். உயிரோடுதான் இருந்தான், மரத்தடியில். தென்னை ஏறும் மெஷின் பக்கத்தில் கிடந்தது.

"ஏறேல்லியா அண்ணா?"

"பாதி ஏறினேன் மக்கா. காலு விறச்சுப் போச்சு. இறங்கிட்டேன்."

"பல்லு காரியமா?"

"பல்லுக்கெல்லாம் நான் பயப்படேல்ல. நீ ரெண்டு மாசமா என்னை வாசல்ல ஏத்தேல்லியே, அது எதுக்குண்ணு நேத்துதான் புரிஞ்சுது. ஒண்ணுமில்லாத காரியம்ணா, ஒண்ணுக்கும் பயப்படாத நீ இப்படி மறைப்பியா?"

பாவி, காப்பாற்றுவதாக நினைத்து நானே இவன் காலைப் பிடித்து இழுத்துவிட்டேனே! சிஜி சொன்னதையெல்லாம் மூச்சுவிடாமல் சொன்னாள். அவன் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டான்.

"நீ அதை நம்புதியா?"

"நம்புதேன்," என்றாள், குரல் நடுங்காமல்.

அவன் முகம் தெளிந்தது. எழுந்து மெஷினை மரத்தில் பூட்டி, மிதித்து மிதித்து மேலே போனான். ஓலை மறைவுக்குள் போகும்வரை ஸ்ரீகுமாரி பிள்ளையை இறுக்கிக்கொண்டு அண்ணாந்து நின்றாள். இறங்கிவிடு என்று கத்த வேண்டும்போலிருந்தது. கத்தினால் அவன் கீழே பார்ப்பான் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.