வெட்டாமல் விட்ட துணி

எங்கள் கடையில் அக்காவுக்கு ரெண்டிஞ்சு என்று பெயர். கடை என்றால், வாங்கிய துணியை ஆளுக்குத் தகுந்தபடி சரிசெய்து கொடுக்கும் இடம். நீளமாக இருப்பதைக் குறைப்போம், தொளதொளப்பாக இருப்பதைப் பிடிப்போம், இறுக்கமாக இருப்பதைப் பிரித்து விடுவோம். பழைய வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை. வாசல் பக்கம் முதலாளியின் மேசை, நடுவில் அக்காவின் மெஷின், படி சரிந்து இறங்கும் மூலையில், துணி விளிம்பு பிரியாமல் தைக்கும் என்னுடைய ஓவர்லாக் மெஷின். நிமிர்ந்து நின்றால் தலை இடிக்கும் இடம் அது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள், பேச்சு குறைவு. முதலாளி எனக்கு வாயில்லாப் பூச்சி என்று பெயர் வைத்து, அதையும் முழுதாகக் கூப்பிடச் சோம்பல்பட்டு, பூச்சி என்று சுருக்கிவிட்டார்.

எந்தத் துணியைப் பிடித்துத் தைத்தாலும் உள்ளே மிச்சமாகும் துணியை வெட்டவிடமாட்டாள் அக்கா. "ரெண்டு இஞ்ச் உள்ள இருக்கட்டும். உடம்பு என்ன கல்லா? ஏறும், இறங்கும்" என்பாள்.

"ஏம்மா, நீ விடற துணியில இன்னொரு சட்டையே தைக்கலாம் போலிருக்கே" என்பார் முதலாளி.

"உங்க தொப்பை வளர்ற வேகத்துக்கு இன்னொரு சட்டைதான் வேணும் முதலாளி. மூணாவது பட்டனைக் கேட்டுப் பாருங்க, அது என்ன பாடுபடுதுன்னு சொல்லும்."

அக்காவின் கணவர் பள்ளிக்கூட வேன் ஓட்டுபவர். நான் அண்ணா என்று கூப்பிடுவேன். பெரிய உருவம், எங்கள் கடை வாசலில் நேராக நுழைந்தால் இடிக்கும், தோளைத் திருப்பித்தான் வருவார். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மதியம் சாப்பாட்டு நேரத்துக்கு இங்கே வந்துவிடுவார். என் மெஷினுக்குப் பக்கத்தில் கிடக்கும் மர ஸ்டூல்தான் அவருடைய இடம். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. வேனில் வரும் பதினான்கு பேரையும் "நம்ம பிள்ளைங்க" என்றுதான் சொல்வார். அதில் பல் விழுந்தது யாருக்கு, அம்மாவோடு சண்டை போட்டது யார் என்பதெல்லாம் எங்களுக்கும் பாடம்.

போன வருடம் தொடங்கியதுமே அவருக்கு வயிற்றில் கோளாறு என்று தெரிந்தது. அடுத்த மாதம் அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு மருந்து, ஊசி, வாரத்துக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரி. வேனை வேறு ஒருவர் ஓட்டினார். அண்ணாவின் உடம்பு மாதாமாதம் இறங்கியது. நோயாளிக்கான தளர்வான உடையைப் போட்டுக்கொண்டு வரச் சொன்னார்கள் ஆஸ்பத்திரியில். அவர் கேட்கவில்லை. "நோயாளி மாதிரி போனா நோயாளியாத்தான் பார்ப்பாங்க. நான் டிரைவர் மாதிரி போறேன்" என்று, வேன் ஓட்டும்போது போடும் சாம்பல் நிற பேண்ட்டைத்தான் போடுவார். வயிற்றுத் தழும்பில் அழுத்தும் என்று பெல்ட் போடக்கூடாது. பேண்ட்டோ நிற்கவில்லை. அதனால் மாதத்துக்கு ஒரு முறை அக்கா அதைப் பிடிக்க வேண்டியிருந்தது.

பேண்ட்டை உட்புறமாகத் திருப்பி, பின்பக்க நடுத்தையலுக்கு அரை இஞ்ச் உள்ளே தள்ளி, இடுப்புப் பட்டியிலிருந்து கீழே வரை புதிதாக ஒரு தையல் போட்டால், இடுப்பில் ஒரு இஞ்ச் குறையும். பிறகு மிச்சத்தை வெட்டி விளிம்பை ஓவர்லாக் செய்துவிடுவோம். அக்கா வெட்டவில்லை. பழைய தையலைப் பிரிக்கவும் இல்லை. ஒன்றுக்கு உள்ளே ஒன்றாகப் போட்டுக்கொண்டே போனாள். மெஷினில் அன்றைக்கு எந்த நிற நூல் கோத்திருக்கிறதோ அதே நூலில்தான் தைத்தாள்.

"நூலையாவது மாத்தேன்" என்றார் முதலாளி.

"உள்ளதானே இருக்கு. யார் பார்க்கப் போறா? அவர் உடம்பு தேறினதும் கடைசியா போட்டதுலேர்ந்து ஒவ்வொண்ணா பிரிச்சுக்கிட்டே வருவேன். நாற்பது இஞ்ச் அப்படியே திரும்பி வந்துடும்."

ஆறு மாதத்தில் உள்ளே மூன்று இஞ்ச் அகலத்துக்குத் துணி சேர்ந்துவிட்டது. "இருபத்திரெண்டு வருஷம் கூட வாழ்ந்ததுல கடைசியில எனக்கு வாலே முளைச்சுடுச்சு" என்று அண்ணா எங்களிடம் சொல்லிச் சிரிப்பார். "குரங்குக்கு வால் இல்லாம எப்படி?" என்பாள் அக்கா. ஸ்டூலில் அவர் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்காருவதைப் பார்த்தேன். தழும்பு வலிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். எதையும் பார்த்துவிடுவேன் என்று எனக்கு என் கண்மேல் ஒரு கர்வம் உண்டு. அது தப்பு.

ஏழாவது மாதம் அக்கா அந்த பேண்ட்டைப் பிடித்து முடித்த நேரத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அன்றைக்கு மட்டும் வேட்டியில் போயிருந்த அண்ணாவுக்கு ஊசி போடும்போது மயக்கம் வந்துவிட்டதாம். பேண்ட்டை மெஷின்மேல் அப்படியே போட்டுவிட்டு ஓடினாள். அன்றைக்கு எங்களிடம் ஓர் அலுவலகத்தின் காவலாளிகளுக்கு உரிய பன்னிரண்டு பேண்ட்டுகள் வந்திருந்தன. அவையும் சாம்பல் நிறம். மெஷின்மேல் கிடந்ததையும் சேர்த்து முதலாளி நீலத் தட்டில் போட்டு என் பக்கம் தள்ளினார். நீலத் தட்டில் வருவதையெல்லாம் ஓவர்லாக் செய்வது என் வேலை.

ஓவர்லாக் மெஷினில் ஊசிக்குப் பக்கத்திலேயே ஒரு கத்தி இருக்கும். மிச்சத் துணியை வெட்டிக்கொண்டே விளிம்பைத் தைத்துவிடும். கெட்டியான பட்டியை மட்டும் கத்தரியால் வெட்டிவிட்டு உள்ளே விடவேண்டும். உட்புறமாகத் திருப்பிய பேண்ட்டுகள் எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும். பதின்மூன்றையும் மளமளவென்று ஓட்டினேன். கடைசியில் கீழே குனிந்து துண்டுகளை அள்ளும்போது கையில் சிவப்பு நூல் தெரிந்தது. பக்கத்தில் பச்சை, அதற்குப் பக்கத்தில் வெள்ளை.

அண்ணாவின் பேண்ட். அந்தத் துண்டை மட்டும் கழிவு மூட்டையில் போடாமல் காகிதத்தில் சுற்றி என் சாப்பாட்டுப் பைக்குள் வைத்தேன்.

சாயங்காலம் அக்கா வந்தாள். மயக்கம் தெளிந்துவிட்டதாம். பேண்ட்டை எடுத்துத் திருப்பினாள். விரலால் விளிம்பைத் தடவினாள்.

"வெட்டிட்டியா" என்றாள். கேள்வியாகக்கூட இல்லை.

முதலாளிதான் குறுக்கே வந்தார். "என் தப்பும்மா, நான்தான் தட்டுல போட்டேன். தேறினதும் வேற துணி வெச்சு அகலப்படுத்திக்கலாம்."

"வேற துணி வேற துணிதான் முதலாளி. இனி இது முப்பத்திமூணுதான். அதுக்கு மேல ஒரு இஞ்ச்கூட வராது."

மறுநாளிலிருந்து அவள் என்னைப் பூச்சி என்று கூப்பிடவில்லை. வேறு எப்படியும் கூப்பிடவில்லை. தட்டை என் பக்கம் தள்ளுவாள், முகத்தைப் பார்க்கமாட்டாள். பத்தடி நீளமுள்ள அறையில் பேசாமல் இருப்பது அவ்வளவு சுலபமில்லை, கத்தரி வேண்டுமென்றால் எழுந்து என்னைச் சுற்றிக்கொண்டு போய் எடுத்தாள்.

பத்து நாள் கழித்து அண்ணா வந்தார். இப்போது தோளைத் திருப்பாமலே வாசலில் நுழைய முடிந்தது. ஸ்டூலில் நேராக உட்கார்ந்தார். வெந்நீர் வாங்கிவர அக்கா மேலே போனதும் என் பக்கம் குனிந்தார்.

"என் வாலை வெட்டினது நீதானாமே."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"ஐயோ, அழாதேம்மா. ரொம்ப நாளைக்கப்புறம் நேரா உட்கார்றேன். ஆஸ்பத்திரி பெஞ்சுல நாலு மணி நேரம் உட்காரணும் பாரு, அந்த மடிச்ச துணி முதுகெலும்பு அடியில குத்தி எடுத்துடும்."

"அக்காகிட்ட சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றேன் மெதுவாக.

"எப்படிச் சொல்றது? நான் திரும்ப அந்த சைஸுக்கு வந்துடுவேன்னு அவ நினைச்சு மடிச்சு வெச்சிருக்கா. அவ நம்பிக்கைமேலதான் உட்கார்ந்திருந்தேன். குத்தும்தான். குத்தினா என்ன, பரவாயில்லன்னு இருந்தேன்." படியில் செருப்புச் சத்தம் கேட்டது. "இதை அவகிட்ட இப்போ சொல்லிடாதே" என்றார்.

அதற்குப் பிறகு அக்கா இரண்டு முறை அந்த பேண்ட்டைப் பிடித்தாள். இரண்டு முறையும் அவளே கத்தரியை எடுத்து மிச்சத்தை வெட்டினாள். நான் தலை நிமிரவில்லை. சத்தம் மட்டும் கேட்டது.

முப்பத்தொன்றில் நின்றது. வருடக் கடைசியில் ஒரு காலை, பள்ளிக்கூட வேன்கள் தெருவில் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், அண்ணா போய்ச் சேர்ந்தார்.

மூன்று வாரம் கழித்து அக்கா வேலைக்கு வந்தாள். மெஷினைத் துடைத்தாள், எண்ணெய் விட்டாள், தைக்க ஆரம்பித்தாள். யார் பேசினாலும் "ம்" தான். முதலாளி அவளைச் சிரிக்கவைக்க வேண்டுமென்றே பட்டன் தெறித்த சட்டையோடு இரண்டு நாள் வந்தார். அவள் பட்டனை மட்டும் தைத்துக் கொடுத்துவிட்டாள். மதியம் ஸ்டூலைப் பார்க்காமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்து சாப்பிட்டாள்.

நாலாம் நாள் முதலாளி வெளியே போயிருந்தபோது, நான் அந்தக் காகிதப் பொட்டலத்தை அவள் மெஷின்மேல் வைத்தேன். பிரித்தாள். துணியை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாள்.

"இதைத் தூக்கிப் போடலையா நீ?"

"இல்லக்கா." என் குரல் எனக்கே கேட்கவில்லை. இருந்தாலும் விடாமல் சொல்லிவிட்டேன். ஆஸ்பத்திரி பெஞ்சு, முதுகெலும்பு, நம்பிக்கைமேல் உட்கார்ந்திருந்தது, இப்போது சொல்லாதே என்றது எல்லாம். வாழ்க்கையில் நான் அவ்வளவு நீளமாகப் பேசியது அன்றைக்குத்தான்.

அக்கா துணித் துண்டை மடியில் போட்டுக்கொண்டாள். "ஆறு மாசம் குத்தியிருக்கு. ஒரு வார்த்தை சொல்லல" என்றாள். "பாவி மனுஷன். வால் வால்னு சிரிச்சுக்கிட்டே இருந்தாரே, அப்பவாவது எனக்கு உறைச்சிருக்க வேணாமா? பக்கத்துலயே படுத்துக்கிடந்தேனே." அப்புறம் அழுதாள். மூன்று வாரமாக அழவில்லை என்று பிறகு சொன்னாள். நான் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அழுகை ஓய்ந்ததும் அவள் விரல் தானாகத் தையல்களைத் தடவிக்கொண்டு போயிற்று. மஞ்சளில் நின்றது.

"இது கிளினிக் திரைச்சீலை தைச்ச நூல். அந்த வாரம்தான் என்னை வேன் ஓட்டச் சொன்னார். கையெழுத்துப் போடவே எனக்குக் கை நடுங்கும், இதுல வேன் வேற. பக்கத்துல உட்கார்ந்துக்கிட்டு 'கிளட்ச்சை விடு, மெதுவா விடு'ங்கிறார். நான் விட்ட வேகத்துல பத்தடி போய்த் தண்ணி டிரம்மை இடிச்சேன். ஆபரேஷன் தையல் பிரிஞ்சுடப் போகுதுன்னு நான் கத்தக் கத்த, வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிக்கிறார்." அவளும் சிரித்தாள். சிரித்த வாயை உடனே கையால் மூடிக்கொண்டாள்.

சிவப்பைத் தொட்டாள். "இனிமே வண்டியே ஓட்டக்கூடாதுன்னு டாக்டர் சொன்ன அன்னிக்கு. என்ன சொன்னாங்கன்னு கேட்டா, பெரிய குடை ஒண்ணை நீட்டறார். மழையே இல்ல. 'இனிமே ரெண்டு பேரும் பஸ்ஸுக்கு நடக்கணும், வேன் இல்ல'ன்னார். அப்படித்தான் எனக்கு விஷயத்தைச் சொன்னார்."

கறுப்பைத் தொட்டுவிட்டுக் கையை எடுத்தாள். "இதை விடு. அந்த மாசம் அவர் சாப்பிடலன்னு நான் ரொம்பப் பேசிட்டேன்."

நீலத்துக்கு வந்தபோது யோசித்தாள். "இது எதுவும் ஞாபகம் வரல. ஆஸ்பத்திரிகூட அந்த மாசம் போகல, ஊசிக்கு இடைவெளி விட்டிருந்தாங்க. சும்மாதான் இருந்தோம். நான் வெங்காயம் உரிப்பேன், அவர் ஜன்னல்கிட்ட உட்கார்ந்து தெருவுல போற வண்டியெல்லாம் எப்படி ஓட்டறாங்கன்னு குறை சொல்லிக்கிட்டு இருப்பார்." அந்த நூலை நகத்தால் நீவினாள். "இருபத்திரெண்டு வருஷத்துல விடியக்காலையில அவர் ஓடுவார், எட்டு மணிக்கு நான் ஓடுவேன். ரெண்டு பேரும் சேர்ந்து சும்மா இருந்தது அந்த ஒரு மாசம்தான். எப்படியோ அதைக் கொடுத்துட்டுப் போயிருக்கு இந்த நாசமாப்போன வருஷம்."

துண்டை மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டாள். எதிரில் கிடந்த வேலையை எடுத்தாள். நான் என் மூலைக்குத் திரும்பும்போது, "பூச்சி, தலை இடிக்கும், குனிஞ்சு போ" என்றாள்.

அதற்கு அடுத்த வாரம் ஒரு பெண் தன் கணவரைக் கூட்டிக்கொண்டு வந்தாள். அவர் பேண்ட்டை ஒரு கையால் பிடித்துக்கொண்டே நின்றார். முகத்தைப் பார்த்தாலே நோய் தெரிந்தது. நான் அக்காவைப் பார்த்தேன், அவள் டேப்பை எடுத்தாள்.

"வெட்டிடாதீங்கம்மா. கொஞ்ச நாள்ல பழையபடி ஆயிடுவார்" என்றாள் அந்தப் பெண்.

"வெட்டமாட்டோம்" என்றாள் அக்கா.

தைத்து முடித்ததும் அதை என் தட்டில் போடவில்லை. உள்ளே மிச்சமான துணியை இரண்டு பக்கமும் தட்டையாக விரித்து, இஸ்திரி வைத்து அமுக்கி, கையால் சின்னச் சின்னத் தையலாகப் போட்டுப் படியவைத்தாள். ஒரு மணி நேரம் ஆயிற்று.

அந்த மனிதர் போட்டுக்கொண்டு வந்து கண்ணாடி முன்னால் நின்றார். "சரியா இருக்கும்மா" என்றார்.

"நின்னு பார்த்தா போதாதுங்க. பூச்சி, அந்த ஸ்டூலை இப்படித் தள்ளு." நான் தள்ளினேன். "உட்கார்ந்து பாருங்க."

அவர் உட்கார்ந்தார்.

"குத்துதா?"

அவர் மனைவியை ஒரு தரம் பார்த்தார். "இல்லையே" என்றார்.

"அவங்களைப் பார்க்காதீங்க" என்றாள் அக்கா. "என்னைப் பார்த்துச் சொல்லுங்க."

அவர் ஸ்டூலில் ஒரு தரம் அசைந்து பார்த்தார். பிறகு, இடது பக்கம் கொஞ்சம் என்றார். அக்கா ஊசியை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.