பால் பொங்குமுன் பொங்கியது

அவனியாபுரத்தில் நாங்கள் கட்டிய வீட்டில் மறுநாள் காலை பால் காய்ச்ச வேண்டும். நானும் என் நாத்தனாரும் கட்டட வேலைக் குப்பையைக் கூட்ட இறங்கினோம். அடுப்படி மூலையில் வெள்ளைக் கற்கள் குவிந்து கிடந்தன. தூசி பறக்கக் கூடாதென்று, கூட்டுமுன் தண்ணீர் தெளிப்பது என் வழக்கம். அன்றைக்குத் தெளித்தால் போதாதென்று ஒரு குடத்தையே கவிழ்த்தேன்.

கொஞ்ச நேரத்தில் கற்கள் படபடவென்று வெடித்து, ஆவி கக்கிக்கொண்டு கொதித்தன. என்னவென்று குனியப் போனேன். நாத்தனார் என் கொண்டையைப் பிடித்துப் பின்னால் இழுத்தாள். முகத்தில் தெறிக்க வேண்டியது முந்தானையில் தெறித்தது.

சத்தம் கேட்டு ஓடிவந்த கொத்தனார், "ஏந்தாயி, அது வெள்ளையடிக்க வாங்கின சுட்ட சுண்ணாம்பு. கண்ணுல பட்டிருந்தா பார்வையே போயிருக்கும்" என்றார். பிறகு எட்டிப் பார்த்து, "சரி, தண்ணி ஊத்தி அவிக்கிற வேல எனக்கு மிச்சம்" என்று, ஆறியதும் அதையே கரைத்து அடுப்படிக்கு இன்னொரு பூச்சு அடித்துவிட்டார்.

மறுநாள் பால் பொங்கியதும் எல்லாரும் குலவையிட்டார்கள். நாத்தனார் மட்டும், "இந்த வீட்டுல நேத்தே ஒரு தடவ பொங்கிருச்சு. மதினிக்கு அம்புட்டு அவசரம்" என்றாள். குலவை நின்று சிரிப்பு கிளம்பியது.

இப்போதெல்லாம் வேலை முடிந்த வீட்டில் கொத்தனாரைக் கேட்காமல் ஒரு கல்லையும் தொடுவதில்லை. தும்மினாலும் சரியென்று முதலில் வறட்டு விளக்குமாறுதான். கொண்டையையும் இறுக்கி முடிந்துகொள்கிறேன், பிடித்து இழுக்க வாகாக இருக்கட்டும் என்று.