பதினைந்து காசு விழுந்த சராசரி

1961ஆம் ஆண்டு மார்ச் 14, செவ்வாய்க்கிழமை, காலை ஏழே கால் மணி. விடியும் வரை பெய்த மழை அப்போதுதான் தூறலாகியிருந்தது. காஜா பேராங் பகுதியில் என் மாமனார் வீட்டு வாசலில் கிடந்த ஆங்கிலப் பத்திரிகையின் பின்பக்கம் நனைந்து மை ஊறியிருந்தது. பங்கு விலைகள் வருவது அந்தப் பக்கத்தில்தான்.

நான் டவுனில் ஒரு வக்கீல் ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தேன். கல்யாணமாகி ஆறு வருடம். ஆறு வருடமும் வீட்டோடு மாப்பிள்ளை. மாமனாருக்கு ஜாலான் பெண்டஹாரா தெருவில் துணிக்கடை. தாராளமான மனிதர். ஆனால் என் பெயருக்கு வரும் கடிதத்தையும் அவர்தான் பிரிப்பார். ஒருமுறை கேட்டே விட்டேன்.

"என் வீட்டு நம்பருக்கு வந்தா எனக்கு வந்ததுதானே மாப்பிள்ளை?" என்றார்.

நான் கணக்குப் போட உட்கார்ந்தால், "எல்லாத்தையும் கூட்டுறீங்களே, இந்த வீட்டுக்கு நீங்க கொடுத்த வாடகையைக் கூட்டுங்க, பாப்போம்" என்பார். அவர் சிரிப்பார். நானும் கூடச் சிரிக்க வேண்டும்.

டவுனுக்கு வெளியே கிளேபாங்கில் ஒரு பலகை வீடு பார்த்து வைத்திருந்தேன். இரண்டு அறை, தகரக் கூரை, முன்பணம் ஆயிரத்து ஐந்நூறு வெள்ளி; வெள்ளி என்பது எங்கள் ஊர் டாலர். வீட்டுக்காரர் மாதக் கடைசி வரை பொறுப்பதாகச் சொல்லியிருந்தார். என்னிடம் இருந்தது ஆயிரத்து இருநூறு. அதைப் போன வருடமே பங்காக மாற்றிவிட்டேன்: ஒரு பெரிய வியாபாரக் கம்பெனியில் நானூறு பங்கு, ஒன்று மூன்று வெள்ளி வீதம். மாமனார் கடைக்கு நாலு கடை தள்ளி, மசாலைக் கடை மாடியில் பங்கு வாங்கி விற்றுக் கொடுத்த பாய் மூலமாக வாங்கினேன்.

"கம்பெனிப் புத்தகத்துல உங்க பேருக்கு மாத்திடவா கிராணியாரே?" என்று கேட்டார் பாய்.

மாற்றினால் கம்பெனிக் கடிதம் வீட்டுக்கு வரும், மாமனார் பிரிப்பார். "வேண்டாம், அப்படியே இருக்கட்டும்" என்றேன். விற்றவரின் கையெழுத்துப் போட்ட மாற்றுத்தாள் பாயின் அலமாரியிலேயே தங்கியது.

ஒரே பங்கின் விலையைப் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்குத் தூக்கம் வராது. ஆகவே ஒரு முறை வகுத்தேன். பத்திரிகைப் பட்டியலில் பெரிய கம்பெனிகள் பன்னிரண்டைப் பொறுக்கினேன். ரப்பர் நான்கு, ஈயம் நான்கு, வியாபாரம் நான்கு. பன்னிரண்டின் விலையையும் கூட்டிப் பன்னிரண்டால் வகுத்தால் அன்றைய சராசரி. முந்தைய நாளிலிருந்து அது எத்தனை காசு விலகியது என்பதற்கு 'ஆட்டம்' என்று பெயர் வைத்தேன். ஏற்றம் எவ்வளவு என்பதைச் சராசரி சொல்லும், ஆபத்து எவ்வளவு என்பதை ஆட்டம் சொல்லும். சாதாரண ஆட்டம் இரண்டு காசு. ஒரே நாளில் ஆறு காசுக்கு மேல் விழுந்தால் யோசிக்காமல் விற்றுவிடுவது என்று எனக்கு நானே சட்டம் போட்டிருந்தேன்.

திங்கட்கிழமைப் பத்திரிகையில் என் பங்கு மூன்று வெள்ளி அறுபது காசு. இன்னும் பதினைந்து காசு ஏறினால் ஆயிரத்து ஐந்நூறு சரியாக வந்துவிடும். "எப்பங்க போறோம்?" என்று மனைவி கேட்டாள். "இந்த வாரம்" என்றேன். முதல்முறையாக நாள் சொன்னேன். அவள் அன்றைக்கே பழைய பேப்பரில் பீங்கான் தட்டுகளைச் சுற்றி வைத்தாள்.

செவ்வாய் காலை சராசரி இரண்டு வெள்ளி பத்து காசிலிருந்து ஒரு வெள்ளி தொண்ணூற்றைந்து காசுக்கு வந்திருந்தது. ஆட்டம் பதினைந்து காசு. மூன்று தடவை கூட்டிப் பார்த்தேன். என் பங்கு மட்டும் ஒரு வெள்ளி எண்பது காசுக்கு இறங்கியிருந்தது, மற்றப் பதினொன்றும் அசையவில்லை. பெரியது முதலில் விழும், மற்றவை பின்னால் வரும் என்று நினைத்தேன். விலைக்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்தது. ஈரத்தில் ஊறிய அது எனக்கு 'எக்ஸ்.டி.' என்று தெரிந்தது. லாப ஈவு கழிந்த விலை என்று அர்த்தம். ஈவு என்றால் பத்துக் காசு கழியும். பாதி விலையா கழியும்? அதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. சட்டம் சட்டம்தானே.

ஒன்பது மணிக்குப் பாய் மாடிப்படியில் நான் முதல் ஆள்.

"எல்லாத்தையும் வித்துடுங்க பாய்."

"ஏன், பொண்ணுக்குக் கல்யாணமா?"

"குழந்தையே இல்ல பாய். வித்துடுங்க."

சிங்கப்பூருக்குப் போன் போட்டு விற்றுவிட்டார். எழுநூற்று இருபது வெள்ளி. போனை வைத்த பிறகுதான் அலமாரியிலிருந்து மாற்றுத்தாளை எடுத்தார். வாங்கியவர் பெயர் எழுதும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்தார்.

"கிராணியாரே, உங்க போனஸ் பங்கு எங்க? இது எக்ஸ்.பி. ஆச்சே. ஒண்ணுக்கு ஒண்ணு சும்மா கொடுத்திருக்கான். அதான் விலை பாதி. உங்க நானூறு எண்ணூறா ஆகியிருக்கணும்."

"எனக்கு யாரும் சொல்லலையே."

"யாருக்குச் சொல்வான்? புத்தகத்துல யார் பேர் இருக்கோ அவருக்குத்தான் கடுதாசி, அவருக்குத்தான் போனஸ்."

அந்தப் பெயர் பத்து பெரெண்டாம் என்ற ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் மேனேஜராக இருந்த ஒரு வெள்ளைக்காரருடையது. சுதந்திரத்துக்குப் பிறகு பங்கை விற்றுவிட்டு இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறியவர். "எழுதிக் கேளுங்க. நல்ல மனுஷனா இருந்தா அனுப்புவான்" என்றார் பாய். மூன்று கடிதம் எழுதினேன், பதில் முகவரியாக ஆபீஸைப் போட்டு. பதில் வரவில்லை.

படிக்கட்டில் இறங்கும்போதே கணக்கு தெளிந்துவிட்டது. அந்த ஒரு பங்கின் விலையை மட்டும் இரண்டால் பெருக்கிக் கூட்டியிருந்தால் என் சராசரி இரண்டு வெள்ளி பத்து காசிலேயே நின்றிருக்கும். விழுந்தது சந்தை அல்ல, என் வகுத்தல். அங்கேயே ஒரு கடையில் காய்ந்த பத்திரிகை ஒன்று வாங்கிப் பார்த்தேன். 'பி' என்று பளிச்சென்று இருந்தது.

மனைவியிடம் மாலையில் சொன்னேன். அவள் தட்டுகளை ஒவ்வொன்றாகப் பிரித்து அலமாரியில் திரும்ப அடுக்கினாள். மாமனாருக்கு எதுவும் தெரியாது. அந்தச் சனிக்கிழமை கொல்லையில் செங்கல் வந்து இறங்கியது.

"பின்னால ஒரு ரூம் இழுக்கிறேன் மாப்பிள்ளை. உங்க ரெண்டு பேருக்கும்தான். இனிமே எங்கயும் போற நினைப்பே வராது, பாருங்க" என்றார். சிரித்தார். நானும் சிரித்தேன்.

கிளேபாங் வீட்டை மாதக் கடைசியில் வேறொருவர் எடுத்துக்கொண்டார். போனஸ் போனது எழுநூற்று இருபது; பாயின் கமிஷன் ஏழு வெள்ளி இருபது காசு; இங்கிலாந்துக்கு மூன்று தபால்தலை ஒன்று ஐம்பது; காய்ந்த பத்திரிகை பதினைந்து காசு. ஆக எழுநூற்று இருபத்தெட்டு வெள்ளி எண்பத்தைந்து காசு.