கூட்டாமல் குறைக்காமல்

மருத்துவமனையில் மொழிபெயர்ப்பவருக்கு ஒரே விதிதான்: டொக்டர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும். ரொறன்ரோவில் அம்மாவோடு டொக்டரிடம் போன எந்தத் தமிழ்ப் பிள்ளைக்கும் இது என்ன பாடு என்று தெரியும். நீங்கள் சம்பளமில்லாமல் பட்டதை நான் சம்பளத்துக்குப் படுகிறேன்.

மாமியாரின் கண்டுபிடிப்பு

ரொறன்ரோவுக்குப் பக்கத்து ஊரான அஜக்ஸிலிருந்து வந்த குடும்பம். பதினொரு வயது மகளுக்கு இரத்தப் புற்றுநோய். ஏன் வந்தது என்று தாய் டொக்டரைத் துளைத்தெடுத்தார். மைக்ரோவேவா, நெடுஞ்சாலைப் புகையா, பிள்ளை வயிற்றில் இருந்தபோது தின்ற அன்னாசியா? அன்னாசி மாமியாரின் கண்டுபிடிப்பு. பழி சொல்லப் பட்டப்படிப்புத் தேவையில்லைத்தானே.

கதிர்வீச்சு, சில பரம்பரைக் கோளாறுகள் என்று சில காரணங்கள் உண்டு, ஆனால் பெரும்பாலான பிள்ளைகளுக்குக் காரணம் தெரிவதில்லை, உங்களில் ஒரு பிழையுமில்லை என்றார் டொக்டர். ஆறுதலாக இருக்குமென்று நம்பித்தான் சொன்னேன். தாய் கேட்டார்:

“என்ர பிழையெண்டா திருத்தலாம். பிழையே இல்லையெண்டா நான் எதைத் திருத்துறது?”

தகப்பனின் பங்கு

அடுத்த முறை தகப்பன் தனியே வந்தார். இப்போது பெரும்பாலான பிள்ளைகள் சுகமாகிறார்கள் என்றதும் நிமிர்ந்து உட்கார்ந்தார். வில்லங்கம் அடுத்த வசனத்தில் இருந்தது. வயது பத்தைத் தாண்டிவிட்டது, வெள்ளை அணுக்களும் மிக அதிகம், ஆகவே இவள் ஆபத்துக் கூடிய பிரிவு. முதல் மாத மருந்துக்குப் பிறகு எலும்புக்குள் இருக்கும் மச்சையைச் சோதித்துத்தான் மேலே சொல்லலாம்.

எலிவேற்றரடியில் தகப்பன் என்னை மறித்தார்.

“தங்கச்சி, என்ர மனிசி கேட்டா முதல் சொன்னதை மட்டும் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் வைச்சிருக்கிறன்.”

மெதுவாகச் சொல்லச் சொன்னார்கள்

முதல் மாதம் முடிந்து மூவரும் வந்தார்கள். பிள்ளைக்குக் கேட்காதபடி தமிழில் மெதுவாகச் சொல்லும்படி பெற்றோர் கெஞ்சினார்கள். இங்கே பிறந்தவள், டொக்டரின் ஆங்கிலம் அவளுக்குத்தான் முதலில் விளங்கும் என்பது இருவருக்கும் தோன்றவேயில்லை.

நோய் மிஞ்சியிருக்கிறது, மருந்தைக் கடுமையாக்க வேண்டும், குணமாகும் வாய்ப்பு நினைத்ததைவிடக் குறைவு என்றார் டொக்டர். நான் வாய் திறக்குமுன் பிள்ளை என் சட்டைக் கையைப் பிடித்திழுத்து, தாய்க்கு விளங்காதபடி ஆங்கிலத்தில் மெதுவாகச் சொன்னாள்:

“அன்ரி, அம்மாவுக்குக் கொஞ்சம் குறைச்சுச் சொல்லுங்கோ. அவ திரும்பவும் சாப்பிடாமல் இருந்திடுவா.”

ஒரு சொல்லையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு வீட்டுக்குப் போய், இன்றைக்கு வேலை எப்படி என்று கேட்ட என் மகளிடம் “பிழையில்லை” என்றேன்.