முதுகுக்குப் பின்னால் வரும் பஸ்

பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள் நான். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கவே கூச்சப்படுவேன். விவரமாக எழுதத் தெரிந்தவர்கள் எத்தனையோ பேர் இருக்க, நான் எழுத உட்கார்ந்தது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள். நேரில் யாரிடமும் சொல்ல வரவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சேலத்துக்குப் பக்கத்தில் ஒரு விசைத்தறிப் பட்டறையில் தறி ஓட்டுகிறேன். கல்யாணமான வருடத்திலிருந்து இதே வேலை. வீட்டிலிருந்து மெயின் ரோட்டில் பாதித் தூரம், பிறகு பஸ் போகாத கிளைச் சாலையில் மீதித் தூரம். சைக்கிள் இல்லாமல் நேரத்துக்குப் போய்ச் சேர முடியாது. என் வீட்டுக்காரர் தனியார் டவுன் பஸ் டிரைவர். ஒருநாள் விட்டு ஒருநாள்தான் டூட்டி. நான் வேலைக்குப் போகாவிட்டால் நாமக்கல்லில் நர்சிங் படிக்கும் எங்கள் மகள் வீட்டுக்கு வந்துவிட வேண்டியதுதான்.

எனக்குக் காது எப்போது போனது என்று எனக்கே தெரியாது. பட்டறைக்குள் யாருக்கும் யார் பேசுவதும் கேட்காது. தறிச் சத்தத்தில் வாயசைவைப் பார்த்தே எல்லாம் பேசுவோம், கேலி, சண்டை, வீட்டுக் கதை உட்பட. அந்தப் பழக்கம் வீட்டிலும் என்னைக் காப்பாற்றியது. யார் பேசினாலும் முகத்தைப் பார்ப்பேன். சொல்வது புரிந்துவிடும். மரியாதையாகப் பார்த்துக் கேட்கிறாள் என்று மாமியார்கூடச் சொல்லியிருக்கிறார்.

ரோட்டில் அது உதவாது. வருவதெல்லாம் முதுகுக்குப் பின்னால் வருகிறது.

லாரியோ பஸ்ஸோ பக்கத்தில் வரும்போது முதுகிலும் ஹேண்டில்பாரிலும் ஒரு அதிர்வு தெரியும். அதற்குள் வண்டி முழங்கையை ஒட்டி வந்திருக்கும். தாண்டிப் போகும்போது ஜன்னல் வழியாகத் திரும்பிப் பார்த்துத் திட்டுவார்கள். சத்தம் இல்லாமல் அத்தனை கெட்ட வார்த்தையையும் நான் உதட்டில் படித்திருக்கிறேன். அதிகம் படித்தது, “காது செவுடா?” ஆமாங்க என்று சொல்வதற்குள் அவர்கள் போய்விடுவார்கள். நின்றாலும் சொல்லியிருப்பேனா என்று தெரியவில்லை.

காது கேட்காததை வீட்டில் சொல்லாததற்குக் காரணம் என் வீட்டுக்காரர்தான். சைக்கிளில் போகிறவர்களைப் பற்றி அவர் பேசுவதைத் தினமும் சாப்பாட்டுத் தட்டுக்கு எதிரில் உட்கார்ந்து பார்க்கிறேன்.

“ஒதுங்கவே மாட்டானுங்க. மாப்பிள்ள ஊர்கோலத்துல போறாப்பல நடு ரோட்டுல போறானுங்க. நமக்கு டைமிங் போச்சுன்னா பின்னாடி வர்ற வண்டிக்காரன் வந்து சட்டையப் புடிக்கறான். மொதலாளி போன்லயே வையறாரு. சைக்கிள்காரனுக்கு என்ன?”

“நானுஞ் சைக்கிள்லதானுங்க போறேன்.”

“அதத்தான் சொல்ல வந்தேன். பஸ் ஸ்டாண்டுல எங்க ஆளுங்க கேக்கறானுங்க. உன்ற ஊட்டம்மா ஹாரனுக்கு ஒதுங்கறதே இல்லியாமா, ஊட்டுலயும் ஹாரன் அடிச்சுத்தான் கூப்புடுவியான்னு. எனக்கு மானம் போகுது புள்ள.”

“நாளைக்கு ஓரமாப் போறேனுங்க” என்றேன்.

ஓரம் எங்கே இருக்கிறது? குழாய் பதிக்கத் தோண்டிய மண் ஒரு பக்கம் குவிந்து கிடக்கும். அதை விட்டால் பேக்கரி வாசலில் நிற்கும் பைக்குகள், ஆள் ஏற்ற நிற்கும் ஷேர் ஆட்டோக்கள். ஒவ்வொன்றையும் சுற்றிக்கொண்டு உள்ளே வந்துதான் போக வேண்டும். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் முன்னால் இருக்கும் குழி தெரியாது. குழியைப் பார்த்தால் பின்னால் வருவது தெரியாது. போன மழைக்காலத்திலிருந்து தினமும் காலையில் சாமி கும்பிட்டு, மகள் முகத்தை நினைத்துக்கொண்டுதான் பெடலை மிதித்தேன்.

அவர் அப்படிச் சொன்ன வாரத்திலேயே ஒருநாள் கொண்டலாம்பட்டி ரவுண்டானாவுக்கு முன்னால் மண்குவியலைச் சுற்றி உள்ளே வந்தேன். ஹேண்டில்பார் அதிர்ந்தது. ஒதுங்க இடமில்லை, அப்படியே போனேன். அடுத்த நொடி பக்கவாட்டில் தகரம் உரசியது. மண்ணில் விழுந்து கிடந்தேன். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. எனக்கு முன்னால் நின்றது என் வீட்டுக்காரரின் பஸ்.

அவரே குதித்து இறங்கி ஓடி வந்தார். பின்னாலேயே கண்டக்டர். ஜன்னல்களில் தலைகள்.

“ஏன்டி, ஊட்டுச் சண்டைய ரோட்டுல காட்டுறியா? அங்கிருந்து அடிச்சுட்டே வாரேன், ஒதுங்குனா என்ன? சாவறதுக்கு என்ற வண்டிதான் கெடச்சுதா?”

கண்டக்டர் சிரித்தார். “உடுங்கண்ணா. அக்கா உங்களுக்கே வழி உட மாட்டேங்குது, எங்களுக்கு எங்க உடப் போகுது?”

ஒரு பாட்டியம்மா ஜன்னலில் இருந்து, “புருசன் பொண்டாட்டியா? அப்ப பஸ் சீக்கரம் கெளம்பாது” என்றார்.

பின்னால் வரும் பஸ்ஸைப் பார்க்க என் வீட்டுக்காரர் திரும்பினார். மறுபடி என் பக்கம் திரும்பியபோது அவர் முகத்தில் கோபம் அதிகமாகியிருந்தது. ஏதோ கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. “அடி பட்டுச்சான்னு கேட்டனல்ல?” என்றார்.

“எப்பங்க கேட்டீங்க?”

அவர் என்னையே பார்த்தார். பிறகு மெதுவாக என் பின்னால் போய் நின்றார். என்ன செய்தார் என்று எனக்குத் தெரியாது. கூப்பிட்டாரோ, கை தட்டினாரோ. நான் கண்டக்டரின் முகத்தைப் பார்த்தேன். அவர் சிரிப்பு நின்றுபோயிருந்தது. ஜன்னலில் இருந்த பாட்டியம்மா வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டார்.

என் வீட்டுக்காரர் முன்னால் வந்தார். சைக்கிளைத் தூக்கி டீக்கடை ஓரம் சாய்த்தார். அதற்குள் பின்னால் வந்த பஸ் நெருங்கிவிட்டது. ஏறி வண்டியை எடுத்தார்.

சாயங்காலம் நான் வேலை முடிந்து வரும்போது வாசலில் உட்கார்ந்திருந்தார். டூட்டியைப் பாதியில் வேறொருவரிடம் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

“எத்தன நாளா?”

“தெரியலீங்க. கொஞ்சங் கொஞ்சமாப் போச்சுங்க.”

“தெனமும் நான் ஓட்டுற ரோட்டுலயே போயிருக்க. நான் பொறத்தால வந்து ஹாரன் மேல ஹாரன் அடிச்சு, திமிர் புடிச்சவளேன்னு வஞ்சிருக்கறேன். இன்னைக்கு ஒரு சாண் உள்ள வந்திருந்தீன்னா…” அதற்கு மேல் அவர் வாய் அசையவில்லை.

“பாத்துப் பாத்துத்தானுங்க போறேன்.”

“பொறத்தால எப்பிடிப் புள்ள பாப்ப? இனி போகாத.”

“போகாட்டி புள்ள படிப்பு?”

அவர் தலையைக் குனிந்துகொண்டார். ஏதாவது சொன்னாரா, ஒன்றும் சொல்லவில்லையா என்பது எனக்குத் தெரியாது. மோவாயைப் பிடித்து நிமிர்த்திக் கேட்டிருக்கலாம். பயமாக இருந்தது. சாதம் வைத்தேன். இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

மறுநாள் அவருக்கு டூட்டி இல்லாத நாள். ஆனாலும் விடியும் முன்பே காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பிப் போய்விட்டார். சைக்கிள் பூட்டியிருந்தது, சாவி வீட்டில் இல்லை. நான் பட்டறைக்குப் போகவில்லை.